மடியில் ஒளித்த ரொட்டி



லெந்து நாட்கள் நெருங்குகின்றன. உபவாசத்தைக் குறித்து எழுதுமாறு சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்பாக, உபவாசத்திலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர் நடுவே ஒரு சிறுவன் ரொட்டி திருடிய வரலாற்றை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான்காம் நூற்றாண்டு. எகிப்தின் பாலைவனத்தில் தெயோனா என்னும் முதிய துறவியின் குடிலில் செராபியோன் என்னும் சிறுவன் தங்கிப் பயின்று வந்தான். அங்கே நாளொன்றுக்கு ஒரே வேளை உணவு. ஒன்பதாம் மணி வேளையில், அதாவது பிற்பகல் 3 மணியளவில், முதியவரோடு அமர்ந்து தன் பங்கைச் சிறுவன் உண்பான். எழுந்திருக்கும்போது ஒரு ரொட்டியை யாரும் காணாதபடி மடியில் ஒளித்துக்கொள்வான். முதியவர் அறியாத நேரம் பார்த்து அதைத் தின்பான். ஒருநாள் இருநாள் அன்று, அன்றாடம் இதுவே நடந்தது. பின்னாளில் அவரே முதியவராகி, இளந்துறவியருக்குத் தம் கதையைத் தாமே சொன்னார். தின்றபோது கிடைத்த இன்பம் சிறிது, தின்று முடித்தபின் வந்த வேதனையோ பெரிது என்றார். வேண்டாம் என்று மனம் கூவியும் கை தானாக ரொட்டிக்குப் போயிற்றாம். பார்வோனின் ஆளோட்டிகள் செங்கல் கேட்டதுபோல, யாரோ தன்மேல் சுமத்திய அன்றாட வேலையாக அது மாறிவிட்டதாம்.

இந்த உவமையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். உணவாசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இன்பத்தைப் பற்றியே பேசுவார்கள். செராபியோன் அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசினார். நள்ளிரவில் சமையலறையின் விளக்கைப் போடாமல் டப்பாவைத் திறந்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், அவர் சொன்னதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஒருநாள் அக்குடிலுக்குச் சில சகோதரர்கள் ஆலோசனை நாடி வந்தனர். உணவுக்குப்பின் உரையாடல் தொடங்கியது. வந்தவர்களின் கேள்விகளுக்கு விடையளித்த தெயோனா, பெருந்தீனியின் ஆற்றலையும், மறைத்து வைக்கப்படும் எண்ணங்கள் மனிதனை எவ்வாறு ஆளும் என்பதையும் விளக்கிக்கொண்டிருந்தார். தன் இரகசியம் வெளிப்பட்டுவிட்டதென்றே சிறுவன் எண்ணினான். முதலில் அடக்கிய பெருமூச்சு, பிறகு விம்மல். மடியிலிருந்த ரொட்டியை எடுத்து எல்லோர் முன்பாகவும் வைத்து, தரையில் விழுந்து, அன்றாடம் தான் செய்துவந்ததைச் சொல்லி அழுதான். முதியவர் அவனைத் தேற்றினார். நான் எதுவும் சொல்லுமுன்னே உன் அறிக்கையே உன்னை விடுவித்துவிட்டது என்னும் பொருள்படப் பேசினார். சிறுவனின் மடியிலிருந்து தீப்பந்தம் போன்ற ஒன்று புறப்பட்டுக் கந்தக நாற்றம் குடிலை நிரப்பியது என்றும் அவ்வரலாறு கூறுகிறது. அதை நீங்கள் எவ்வாறு எடுத்துக்கொண்டாலும் சரி. என் கண் நிற்கும் இடம் வேறு. இதைப் பதிவு செய்த யோவான் காசியான், சிறுவனுக்கு ஒரு தண்டனையோ கூடுதல் உபவாசமோ விதிக்கப்பட்டதாக ஒரு சொல்லும் எழுதவில்லை.

இது என்னை ஏன் உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பெருந்தீனியைக் குறித்து ஒரு பிரசங்கம் செய்தேன். சபையார் சிரிக்கும்படி கலியாண விருந்துகளைப் பற்றிச் சில வேடிக்கைகளும் சொன்னேன். அன்று மாலையில் ஒரு தாயார் என்னைப் பார்க்க வந்தார். கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. "ஐயா, எல்லாரும் தூங்கினப்புறம் அடுக்களையில போய் உட்கார்ந்து சாப்பிடுறேன். பசியே இல்லை. நிறுத்தவும் முடியல" என்றார். நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. மூன்று நாள் உபவாசித்து ஜெபியுங்கள் அம்மா என்று சொல்லி அனுப்பினேன். அவர் கீழ்ப்படிந்தார். நான்காம் இரவில் நடந்தது முன்னைய இரவுகள் எல்லாவற்றையும்விடக் கொடியதாக இருந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் அதை யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்கூட. அந்தப் பாலைவனத்தாரை நான் அதற்குள் வாசித்திருந்தால், அன்று மாலையில் அவரை அவ்விதம் அனுப்பியிருக்க மாட்டேன்.

அவர்கள் யார்? மூன்றாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, எகிப்தின் நகரங்களையும் நைல் நதிக்கரை ஊர்களையும் விட்டுப் பாலைவனம் புகுந்த கிறிஸ்தவர்கள். அலெக்சாந்திரியாவுக்குத் தெற்கே நித்ரியா, அதற்கு அப்பால் கெல்லியா, இன்னும் உள்ளே ஸ்கேதே என்று மூன்று பெருங்குடியிருப்புகள் உண்டாயின. ஸ்கேதே இருந்த பள்ளத்தாக்கு இன்று வாதி நத்ரூன் என்று வழங்குகிறது. அங்கே இப்போதும் கோப்திய மடங்கள் உள்ளன. பாய் முடைந்தும் கூடை பின்னியும் பிழைத்த இவர்களிடம், வேறெவரிடமும் இல்லாத ஒரு வசதி இருந்தது. மனத்தைத் திசைதிருப்பும் பொருள் எதுவும் அங்கில்லை. ஓர் எண்ணம் எழுவதையும், வளர்வதையும், கையை எட்டுவதையும் நாள் முழுவதும் அமர்ந்து கவனிக்க அவர்களால் முடிந்தது.

அப்படிக் கவனித்தவற்றை முதன்முதலில் ஒழுங்குபடுத்தி எழுதியவர் எவாக்ரியுஸ். கருங்கடற்கரையிலுள்ள பொந்து நாட்டில் ஏறக்குறைய 345ஆம் ஆண்டில் பிறந்தவர். நசியான்சு ஊர் கிரெகோரியால் உதவிக்காரராக அபிஷேகம் பெற்று, கான்ஸ்டான்டினோப்பிளில் பேர்பெற்ற பேச்சாளராக விளங்கினார். அங்கே மணமான ஒரு பெண்மேல் கொண்ட மோகத்திற்கு அஞ்சி எருசலேமுக்கு ஓடினார். அங்கே நோயுற்றுக் கிடந்து, மெலானியா என்னும் அம்மையாரின் அறிவுரையால் எகிப்து சென்றார். நித்ரியாவில் 2 ஆண்டுகளும் கெல்லியாவில் 14 ஆண்டுகளும் வாழ்ந்து 399ஆம் ஆண்டில் மரித்தார். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்று அவர் வகுத்தார். அந்த எட்டில் முதலில் நிற்பது பெருந்தீனி.

இங்கேதான் வாசகர் திடுக்கிட வேண்டும். பெருந்தீனியின் எண்ணம் எப்படிப்பட்டது என்று விவரிக்கத் தொடங்கும் எவாக்ரியுஸ், இறைச்சியையோ இனிப்பையோ பேசவில்லை. அந்த எண்ணம் துறவியிடம் வந்து, உன் தவம் சீக்கிரம் தோற்றுப்போகும் என்கிறது. உன் வயிறு கெடும், ஈரல் கெடும், மண்ணீரல் வீங்கும், நீர்க்கோவை வரும், நெடுநாள் படுத்துக்கிடப்பாய், தேவையானது கிடைக்காது, மருத்துவரும் இங்கில்லை என்று ஒவ்வொன்றாய்க் காட்டுகிறது. இப்படி நோயுற்ற சகோதரர்களின் முகங்களை நினைவுக்குக் கொண்டுவருகிறது. இத்தனையிலும் ருசியைப் பற்றி ஒரு சொல் உண்டா? அனைத்தும் அச்சம். தனித்திருப்பவனின் அச்சம், நாளையைக் குறித்த அச்சம், கைவிடப்படுவேனோ என்னும் அச்சம். அது உணவின் வேடமிட்டு வருகிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

எண்ணங்களுக்கு வேதவசனத்தால் விடைசொல்லும் முறையை விளக்கி அவர் மற்றொரு நூலும் செய்தார். அதில் ஏறக்குறைய 500 எண்ணங்கள் எட்டுப் பகுதிகளாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முதற்பகுதி முழுவதும் உணவைப் பற்றியது. முன்பு உண்ட நல்லுணவின் நினைவு, வயிற்று நோயைச் சாக்காகச் சொல்லித் திராட்சரசம் கேட்கும் எண்ணம், பஞ்சம் வந்தால் என்செய்வோம் என்ற கவலை, ஏழைக்குக் கொடுத்துவிட்டால் நமக்குப் போதாதே என்ற தயக்கம் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணி அழுததை நீங்கள் எண்ணாகமத்தில் வாசித்திருக்கிறீர்கள். அவர்களுக்கு மன்னா இருந்தது. இல்லாமற்போனது உறுதி. பழகிய அடிமைத்தனத்தின் சாப்பாடு, பழகாத விடுதலையைவிட நெஞ்சுக்கு ஆறுதலாயிருந்தது. நம் ஆண்டவருக்கு வந்த முதற்சோதனையும் ரொட்டியைப் பற்றியதே. பசித்திருந்தவரிடம் சோதனைக்காரன் வந்தான். பசியே குற்றம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

எண்ணத்திற்குப் பெயர் சூட்டி, அதற்கு நேராக ஒரு வசனத்தை உரக்கச் சொல்வதே அவருடைய வழி. எளிதாகத் தோன்றும். ஆனால் "இப்போது எனக்கு வந்திருப்பது பசியா, பயமா" என்று ஒருமுறையேனும் கேட்டவர்களுக்கு, பெயர் சூட்டுவது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

எவாக்ரியுஸைப் போற்றும்போதே ஓர் உண்மையையும் மறைக்கக்கூடாது. அவருடைய மாணவர் பல்லாதியுஸ் எழுதிவைத்தபடி, அவர் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் ரொட்டியும், மூன்று மாதத்திற்கு ஒரு சிறு கலம் எண்ணெயும் கொண்டு வாழ்ந்தார். கீரையும் கனியும் தொடவில்லை. சமைத்த உணவின்றிப் பதினாறாம் ஆண்டை எட்டியபோது வயிறு தாங்கவில்லை. ரொட்டியை விட்டு, கீரையோ வாற்கோதுமைக் கஞ்சியோ பயறோ வேகவைத்து உண்ண வேண்டியதாயிற்று. 54ஆம் வயதில் மறைந்தார். வயிறு கெடும் என்று மிரட்டிய எண்ணம் முழுப்பொய் சொல்லவில்லை போலும்! அச்சத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார், உடலின் நியாயமான முறையீட்டைக் கேட்க மட்டும் காலந்தாழ்த்தினார் என்று நான் நினைக்கிறேன்.

உடலின் முறையீட்டையும் சேர்த்துக் கேட்டவர் என்று நான் மதிப்பது, முன்பு பெயர் சொன்ன யோவான் காசியானை. பெத்லெகேமின் ஒரு மடத்திலிருந்து தம் நண்பர் ஜெர்மானுவோடு எகிப்துக்குச் சென்று, பல ஆண்டுகள் அங்குள்ள முதியோரிடம் கேட்டறிந்தவர் அவர். பின்னர் இன்றைய பிரான்சிலுள்ள மார்செய் நகரில் மடங்களை நிறுவி, 420ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கேட்டவற்றை இலத்தீனில் எழுதினார். செராபியோனின் கதை நமக்குக் கிடைத்ததும் அவரால்தான்.

நண்பகல் நேரத்தைப் பற்றி அவர் எழுதியதை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். 'அக்கேதியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சலிப்பு, சோர்வு, எதிலும் பற்றின்மை எல்லாம் கலந்த பொருள். அந்தச் சோர்வு துறவியைப் பற்றும்போது இருந்த இடம் கசக்கிறது, உடனிருப்பவர் கசக்கின்றனர், செய்யும் வேலை வீணாகத் தோன்றுகிறது. ஐந்தாம் ஆறாம் மணி வேளையில், அதாவது உச்சிப்பொழுதை ஒட்டி, நெடும்பயணம் போய் வந்தவனைப் போலவும் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தவனைப் போலவும் உடல் தளர்ந்து, உணவுக்காக ஏங்குகிறதாம். அவன் வெளியே வந்து சூரியனைப் பார்க்கிறான். அது நகரவே காணோம். யாரேனும் வருகிறார்களா என்று பாதையைப் பார்க்கிறான். ஒருவரும் இல்லை.

அந்தத் துறவி முந்தின நாள் உண்டிருக்கிறான். அவனுடைய பசி வயிற்றில் பிறந்ததன்று. வெறுமை பசியின் குரலில் பேசுகிறது. மதியம் 11 மணிக்கு அலுவலகத்தில் கோப்பை மூடிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைத் தேடுகிறவரும், மாலையில் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் மிக்சர் டப்பாவோடு தொலைக்காட்சி முன் அமருகிறவரும் அந்தத் துறவியின் உறவினரே. காசியான் இதைப் பெருந்தீனியின் அதிகாரத்தில் எழுதாமல் சோர்வின் அதிகாரத்தில் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். வேர் எங்கிருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. மருந்தையும் அதற்கேற்பவே சொன்னார்: உணவைக் குறைக்கச் சொல்லவில்லை, கைக்கு வேலை கொடுக்கச் சொன்னார். நகரங்களிலிருந்து வெகுதொலைவில் வாழ்ந்த பவுல் என்னும் முதியவரை எடுத்துக்காட்டினார். அவர் முடைந்தவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கூலியே விலையைவிட மிகும். ஆகவே ஓராண்டு உழைப்பைக் குகை நிறையச் சேர்த்துவைத்து, ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் தீயிட்டுவிட்டு மறுபடியும் தொடங்குவாராம். நம் காலத்துக் கணக்கில் இது பைத்தியம்! ஆனால் உச்சிப்பொழுது அவரை விழுங்கவில்லை.

அடுத்தது அளவைப் பற்றியது. இதில்தான் என் பழைய ஆலோசனை பிழையானதென்று தெளிந்தேன். ஸ்கேதேயில் அப்பா மோசே என்பவர், காசியானும் ஜெர்மானுவும் கேட்டபோது, ஒரு நாளுக்கு இரண்டு உலர் ரொட்டிகளே தக்க அளவென்றார். இரண்டும் சேர்ந்து ஒரு ராத்தலுக்குச் சற்றுக் குறைவு. உரோமை ராத்தல் நம் கணக்கில் ஏறக்குறைய 330 கிராம். இளைஞர்கள் இருவருக்கும் இது மிக எளிதாகப்பட்டது. இவ்வளவு உண்டால் தவம் எங்கே என்பது போலப் பேசினார்கள். கூட்டாமலும் குறைக்காமலும் அன்றாடம் இதையே உண்டு பாருங்கள், எது கடினமென்று தெரியும் என்ற கருத்தில் மோசே விடையளித்தார்.

அதற்குச் சான்றாகப் பெஞ்சமின் என்ற சகோதரரின் கதை வருகிறது. அன்றாடம் இரண்டு ரொட்டி என்ற சமச்சீர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் முழுப்பட்டினி கிடப்பார். மறுநாள் நான்கு ரொட்டிகளையும் ஒன்றாக வைத்து வயிறுமுட்ட உண்பார். வெளிப்பார்வைக்கு அது பெரிய உபவாசம். உள்ளே, அந்த நான்கு ரொட்டியின் நினைவிலேயே பட்டினிநாள் கழிந்தது. முதியோரின் சொல்லைக் கேளாமல் அவ்வாறே தொடர்ந்தவர் முடிவில் துறவையே விட்டு உலகத்திற்குத் திரும்பினார் என்று காசியான் எழுதுகிறார்.

மோசே தம்மைப் பற்றியும் மறைக்கவில்லை. உணவையும் உறக்கத்தையும் வெறுத்துத் தள்ளிய காலத்தில் தமக்கு உண்டான ஆபத்து, பெருந்தீனியால் உண்டானதைவிடப் பெரிதாக இருந்தது என்றார். எல்லைமீறிய உபவாசமும் எல்லைமீறிய தீனியும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன என்பது அங்கே வழங்கிய முதுமொழி. காசியான் மற்றோரிடத்தில், எல்லோருக்கும் ஒரே அளவு கூடாதென்றும் எழுதினார். ஒருவருக்கு இரண்டு ராத்தலும் போதாது, மற்றொருவருக்கு ஒரு ராத்தலே சுமை. வயதும் உடல்வலிமையும் பார்க்க வேண்டும். பசி முழுதும் அடங்குமுன் கையை எடுத்துவிட வேண்டும் என்பதே எல்லோருக்கும் பொது.

இத்தனை நுட்பமாக அறிந்தது பிற்காலத்தில் எங்கே போயிற்று? வேறு போதனைகளின் காரணமாக 553ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கத்தை ஒட்டி எவாக்ரியுஸின் பெயர் கண்டனத்திற்குள்ளானது. அவருடைய நூல்களில் சில சீரிய மொழியிலும் அர்மீனிய மொழியிலும் பிழைத்தன. கிரேக்கத்தில் சில வேறொருவர் பெயரில் உலாவின. மேற்கே மகா கிரெகோரி, 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், எட்டை மாற்றியமைத்து ஏழாக்கினார். அவர் ஆழமானவர். நேரத்திற்குமுன் உண்பது, உயர்ந்ததைத் தேடுவது, பக்குவத்தில் மிகை செய்வது, அளவு மீறுவது, வெறியோடு உண்பது என ஐந்து வழிகளைப் பிரித்தார். ஏசா விழுந்தது வெறும் பயற்றங்கூழுக்காகத்தான், குற்றம் கூழில் இல்லை என்று காட்டியவர் அவரே. உபவாசத்தால் வயிறு கெட்டு, உயிர்த்தெழுதலுக்கு முந்தின சனிக்கிழமையில் உபவாசிக்க இயலவில்லையே என்று வருந்தியவரும் அவர்தாம். ஆனால் நூற்றாண்டுகள் செல்லச்செல்ல, மக்கள் மனத்தில் தங்கியது ஒரு படம் மட்டுமே. 1500ஆம் ஆண்டை ஒட்டி வரையப்பட்டு, ஹிரோனிமஸ் போஷின் பெயரால் வழங்கும் ஏழு பாவங்களின் ஓவியம் மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பெருந்தீனி என்றால் மேசைமுன் அமர்ந்து உண்ணும் ஒரு பருத்த மனிதன், அருகில் ஒரு பருத்த குழந்தை. அச்சம் காணாமற்போயிற்று, சோர்வு காணாமற்போயிற்று. உடலின் பருமனே பாவத்தின் அடையாளமாயிற்று. பிரசங்கபீடத்தில் நின்று நான் செய்த வேடிக்கையும் அந்த ஓவியத்தின் ஒரு நகல்தான்.

பெஞ்சமினின் கதை 20ஆம் நூற்றாண்டில் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் நடந்தது. அதில் பங்கேற்றவர்களும் பெரும்பாலும் சபையின் பிள்ளைகள். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, அதற்கு மாற்றாகப் பொதுச்சேவையில் சேர்ந்த அமெரிக்க இளைஞர்கள் அவர்கள். குவேக்கர், மென்னோனைட், சகோதரர் சபை போன்ற சமாதானச் சபைகளைச் சேர்ந்தவர்கள் பலர். ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்சல் கீஸ் தம் ஆய்வுக்கு ஆள் தேடினார். பிறர் பசியாறும்படி நீங்கள் பசித்திருப்பீர்களா என்னும் அழைப்பை ஏற்று இருநூற்றுக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். 36 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1944 நவம்பரில் பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடித்தளத்தில் ஆய்வு தொடங்கியது. முதல் 12 வாரம் வழக்கமான உணவு. 1945 பிப்ரவரி முதல் 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, கோஸ், ரொட்டி என நாளுக்குச் சராசரி 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடையும் உண்டு. உடலெடையில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்தது.

எடையைவிட மனத்தில் நேர்ந்ததே வியப்பு. உயர்ந்த கொள்கைக்காக வந்தவர்கள் உணவைத் தவிர வேறெதையும் பேச மறந்தனர். சமையல் நூல்களைத் தேடிச் சேர்த்துப் படித்தனர். திரைப்படத்தில் உணவு வரும் காட்சியே கண்ணில் நின்றது. கிடைத்ததைத் துண்டுதுண்டாக்கி நெடுநேரம் வைத்து உண்டனர், தட்டை நக்கினர். சூயிங்கத்தையும் காப்பியையும் அளவின்றி நாடியதால் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. சிரிப்பு மறைந்தது, எரிச்சலும் மனத்தளர்ச்சியும் வந்தன. சிலர் இரகசியமாக விதியை மீறி உண்டு, பின் குற்றவுணர்வில் துடித்தனர். பட்டினி முடிந்து உணவு பெருகியபோதும் அது தீரவில்லை. வயிறு நிறைந்தபின்னும் பசி நின்றது. சிலர் பல மாதங்கள் நிறுத்தமுடியாமல் உண்டனர். இவர்களில் ஒருவரும் பெருந்தீனிக்காரராக உள்ளே வரவில்லை. நல்லொழுக்கமும் மனவுறுதியும் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். அளவுமீறிய கட்டுப்பாடே அந்த வெறியை அவர்களுக்குள் பிறப்பித்தது.

ஆய்வின் முழு அறிக்கை 1950ஆம் ஆண்டில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1946ஆம் ஆண்டில், நிவாரணப் பணியாளருக்காக ஒரு சிறு கைநூலைச் சகோதரர் சபையின் பதிப்பகம் வெளியிட்டது. பசித்தவனின் கோபத்தையும் பேராசையையும் கண்டு அவனை நன்றிகெட்டவன் என்று தீர்ப்பிடாதிருக்க, பணியாளர் அதை அறிந்திருக்க வேண்டுமல்லவா?

உணர்ச்சியால் உண்பதைப் பற்றிய மருத்துவ ஆராய்ச்சியும் அதே காலத்தில் வளர்ந்தது. ஜெர்மனியில் பிறந்து, நாசிகளின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஹில்டே புரூக் என்னும் மருத்துவ அம்மையார், பருத்த பிள்ளைகளோடும் அவர்களின் தாய்மாரோடும் நெடுங்காலம் உரையாடினார். குழந்தை எதற்காக அழுதாலும் உணவையே கொடுத்து அமர்த்தினால், வளர்ந்தபின் அதற்குத் தன் பசியையும் தன் துயரத்தையும் பிரித்தறியத் தெரியாமற்போகும் என்று அவர் விளக்கினார். 2013ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில், கட்டுக்கடங்காமல் உண்ணுதல் தனியொரு நோயாக இடம்பெற்றது. விரைந்து உண்பது, பசியின்றியே மிகுதியாக உண்பது, வெட்கத்தால் தனிமையில் உண்பது, உண்டபின் தன்னையே வெறுப்பது ஆகியவை அதன் அடையாளங்களாகக் கூறப்பட்டுள்ளன. மடியில் ரொட்டி ஒளித்த சிறுவனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகையால், இதை வாசிக்கும் உங்களில் யாருக்கேனும் இரவுகள் அவ்வாறு கழியுமானால், இந்த லெந்து நாட்களில் நீண்ட உபவாசத்தை மேற்கொள்ள அவசரப்பட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஒருவேளை உணவையும் விடலாகாது. எனக்கும் அந்த மாத்திரை உண்டு. மூன்று வேளையும் அளவோடு, நேரத்தோடு, மேசையில் அமர்ந்து உண்பதே உங்களுக்குரிய கடினமான தவமாக இருக்கலாம். இச்சை எழும்போது, அது எந்த மணி வேளையில் வருகிறது, அதற்குமுன் என்ன நடந்தது, யாருடைய குரலைக் கேட்டீர்கள், எவருடைய குரல் கேட்காமற்போயிற்று என்று குறித்துவையுங்கள். பிறகு ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவராக இருக்கலாம், மனநல ஆலோசகராக இருக்கலாம், நண்பராக இருக்கலாம். போதகரிடம் சொல்வதானால், அவர் உடனே உபவாசம் விதித்தால் தயங்காமல் அவருக்கு மோசேயின் இரண்டு ரொட்டிகளை நினைவூட்டுங்கள்.

அந்தத் தாயாரை மறுபடியும் சந்தித்தபோது, கேட்காமல் விட்டதைக் கேட்டேன். இரவில் அடுக்களையில் எந்த இடத்தில் அமர்வீர்கள் அம்மா என்றேன். கணவர் இரவுப்பணி முடிந்து வரும்போது அவருக்காகச் சோறு எடுத்துவைத்துக் காத்திருந்த இடம் அது என்றார். அதற்குமேல் அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை. அவர் அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். மறுவாரம் முதல் அவருடைய தங்கை மகள் இரவு உணவுக்கு அவரோடு வந்து தங்கத் தொடங்கினாள்.

மோசேயின் இரண்டு ரொட்டிகளைப் பற்றி இன்னுமொரு செய்தி இருக்கிறது. ஒன்பதாம் மணி வேளையில் இரண்டையும் உண்டு முடித்துவிடக் கூடாதென்றார் அவர். ஒன்றை உண்டபின், மற்றொன்றை மாலைவரை எடுத்துவைக்க வேண்டும். யாரேனும் ஒரு சகோதரன் பாலைவனத்தின் வழியாய் வந்தால், அவனைத் தனியே உண்ணவிடாமல் உடனமர்ந்து உண்பதற்காக அது. ஒருவரும் வராவிட்டால், இருட்டியபின் அதைத் தானே எடுத்து உண்ணலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை என்றார்.